தோற்ற கரும்பலகை

இயந்திர அறிவின் ஆசான்கள் – 9

சென்ற வாரம் ஜான் மெக்கார்த்தி ஸ்டான்ஃபோர்டில் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தை உருவாக்கிய கதையைப் பார்த்தோம். அவரிடம் 1966-ல் முனைவர் பட்டம் முடித்த ஒரு மாணவர்தான் இந்த வாரத்து நாயகர். இளங்கலையில் அவர் படித்தது சிவில் என்ஜினீயரிங். படித்த இடம் நம் கிண்டி பொறியியல் கல்லூரி. முழுப்பெயர் டப்பால ராஜகோபால் ரெட்டி; ராஜ் ரெட்டி என்றால்தான் கணினித் துறைக்குத் தெரியும். கணினி அறிவியலின் நோபல் என்று சொல்லப்படும் டூரிங் விருதை 1994-ல் பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் ஆசியர் அவரே.

1937-ல் அன்றைய சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில், காட்டூர் என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அந்தக் குடும்பத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். 1958-ல் கிண்டியில் பட்டம், 1960-ல் ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலை, பிறகு சிட்னியிலேயே ஐபிஎம் நிறுவனத்தில் சில ஆண்டுகள் வேலை. அங்கே கணினியோடு ஏற்பட்ட பழக்கம் அவரை அமெரிக்காவுக்கு இழுத்துப் போனது. பாலமும் அணையும் கட்டப் படித்தவர், ஸ்டான்ஃபோர்டில் பேச்சொலி அலையைக் கணினிக்குள் அனுப்பி ஆராயத் தொடங்கினார். மனிதர் பேசுவதைக் கணினி கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற அந்த ஒரே கேள்வியை அடுத்த பல பத்தாண்டுகளுக்கு அவர் விடவே இல்லை.

இந்தக் கேள்வி ஏன் அவ்வளவு கடினம்? எழுத்தில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி உண்டு. பேச்சில் கிடையாது. 'நான் வந்து விட்டேன்' என்று எழுதுகிறோம். வாயில் வருவது 'நாவந்துட்டேன்'. அதையே சளி பிடித்தவர் சொன்னால் ஒரு விதம், குழந்தை சொன்னால் இன்னொரு விதம், அவசரத்தில் ஓடிக்கொண்டே சொன்னால் வேறொரு விதம். அலை வடிவத்தில் பார்த்தால் இவை ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. ஆனாலும் கேட்பவருக்குச் சிக்கல் வருவதில்லை. காதில் விழாமல் போனதை நம் மொழியறிவும் பேச்சின் சூழலும் நிரப்பிக்கொள்கின்றன. அந்த அறிவைக் கணினிக்கு எப்படிக் கொடுப்பது என்பதுதான் சிக்கலின் வேர்.

1969-ல் இந்தத் துறையின் தலையில் ஒரு அடி விழுந்தது. பெல் ஆய்வகத்தின் செல்வாக்கு மிக்க அறிவியலாளர் ஜான் பியர்ஸ், அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். பேச்சறிதல் ஆய்வில் அறிவியல் இல்லை. இதில் இறங்கியிருப்பவர்கள் எதையும் முறையாக நிறுவுவதில்லை. மொழியைப் பேசுபவருக்கு இருக்கும் அறிவு இயந்திரத்துக்கு வராதவரை இது உருப்படாது என்பது அவர் வாதத்தின் சாரம். பியர்ஸ் சாதாரண ஆள் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் அவர் தலைமையில் வந்த ஒரு குழு அறிக்கை, இயந்திர மொழிபெயர்ப்பு ஆய்வுக்கு அமெரிக்காவில் கிடைத்துவந்த பணத்தை ஏறக்குறைய நிறுத்தியிருந்தது. இந்தக் கடிதத்தால் பெல் ஆய்வகத்திலும் பேச்சறிதல் வேலை சில காலம் முடங்கியது.

அதே 1969-ல்தான் முப்பத்திரண்டு வயது ராஜ் ரெட்டி, ஸ்டான்ஃபோர்டிலிருந்து பிட்ஸ்பர்க் நகரத்தின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். பேச்சறிதலை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட ஒருவருக்கு இதைவிடக் கெட்ட நேரம் இருக்க முடியாது. அவர் பியர்ஸோடு மல்லுக்கு நிற்கவில்லை. பியர்ஸ் சொன்னதில் பாதியை ஒப்புக்கொண்டது போலவே இருந்தது அவர் அடுத்துச் செய்தது. மொழியறிவு இல்லாமல் முடியாது என்கிறீர்களா, அப்படியானால் அந்த அறிவையும் சேர்த்தே முழு அமைப்பாகக் கட்டிப் பார்ப்போம் என்று இறங்கினார். அவர் வாழ்க்கைப் பணி முழுவதற்கும் இதுவே அடிப்படை என்பது என் எண்ணம். அந்தக் காலத்துச் செயற்கை நுண்ணறிவில் பெரும்பகுதி, ஒரு சின்னப் புதிரை எடுத்துக்கொண்டு அதற்கு மட்டும் அழகான தீர்வு காண்பதாக இருந்தது. ரெட்டி மைக்ரோஃபோனில் தொடங்கி விடையில் முடியும் அமைப்பைக் கேட்டார். அதற்கு ஒலியியல், மொழியியல், மென்பொருள் கட்டுமானம் மூன்றும் ஒரே ஆய்வகத்தில் வேண்டும்.

பணம் ஆர்ப்பாவிலிருந்து வந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமை அது, 1972-க்குப் பிறகு டார்ப்பா. 1971-ல் ஐந்தாண்டுத் திட்டமாகப் பேச்சுப் புரிதல் ஆய்வு தொடங்கியது. அதற்கு முன்பாக ஆலன் நியூவெல் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து, ஐந்து ஆண்டு முடிவில் கணினி எதைச் செய்து காட்ட வேண்டும் என்று எண்ணிக்கையில் எழுதிவைத்தது. ஆயிரம் சொற்கள் தெரிய வேண்டும். சொல் சொல்லாக நிறுத்தாமல், தொடர்ந்து பேசியதைக் கேட்க வேண்டும். அமைதியான அறையாக இருக்கலாம், பேசுபவர்களும் ஒத்துழைக்கலாம். பொருளில் பிழை பத்து சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஜெயித்தோமா தோற்றோமா என்று பிறகு யாரும் சாக்குச் சொல்ல முடியாதபடி, ஆராய்ச்சி தொடங்குவதற்கு முன்பே அளவுகோலை நட்டுவைத்தார்கள். பியர்ஸின் குற்றச்சாட்டுக்கு இதைவிட நேர்மையான பதில் இருந்திருக்காது.

கார்னெகி மெலனில் முதலில் வந்தது ஹியர்சே ஒன்று. குரலால் சதுரங்கக் காய் நகர்த்தச் சொன்னால் அது கேட்கும். பேசுபவர் வாயிலிருந்து அடுத்து எந்த நகர்வு வரக்கூடும் என்பதைச் சதுரங்க விதிகளை வைத்தே ஊகித்துக்கொள்ளும். தெளிவில்லாத ஒலி வந்தாலும், செல்லாத நகர்வுகளைக் கழித்துவிட்டால் மிச்சமிருப்பவை கொஞ்சம்தானே.

அடுத்து வந்தது ஹியர்சே இரண்டு. லீ எர்மன், விக்டர் லெஸ்ஸர், ஃபிரெடரிக் ஹேஸ்-ராத் ஆகியோர் ரெட்டியோடு சேர்ந்து கட்டியது. கணினி அறிவியலில் இன்றும் பேசப்படும் ஒரு வடிவம் இதில்தான் முழுமை பெற்றது. அதன் பெயர் கரும்பலகை. கணினியின் நினைவகத்தில் எல்லோருக்கும் பொதுவான ஓர் இடம். அதைச் சுற்றித் தனித்தனி நிபுணர்களைப் போலப் பல மென்பொருள் பகுதிகள். ஒன்றுக்கு ஒலித்துண்டுகள் மட்டும் தெரியும். ஒன்றுக்கு அசைகள். ஒன்றுக்குச் சொற்கள், இன்னொன்றுக்கு இலக்கணம். எதுவும் மற்றொன்றோடு நேரே பேசாது. பலகையில் எழுதியிருப்பதைப் பார்க்கும். தனக்கு ஏதாவது தோன்றினால், எவ்வளவு உறுதி என்ற மதிப்பெண்ணோடு தன் ஊகத்தை எழுதும். அதைப் பார்த்து இன்னொன்று தன் ஊகத்தைச் சேர்க்கும் அல்லது முன்னதன் மதிப்பெண்ணைக் குறைக்கும். அடுத்து யாருக்கு வாய்ப்பு என்று முடிவுசெய்ய ஒரு மேற்பார்வைப் பகுதி உண்டு.

ஹியர்சே இரண்டுக்குக் கொடுத்த வேலை, செயற்கை நுண்ணறிவுக் கட்டுரைச் சுருக்கங்களின் தொகுப்பில் தேடித் தருவது. அதைப் பற்றிய ஆய்வுரையில் ஆசிரியர்கள் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, கணினி அதை எப்படிக் கேட்டது என்று படிப்படியாக விளக்கியிருக்கிறார்கள். ஃபைகன்பாம், ஃபெல்ட்மன் இருவரும் எழுதியது ஏதாவது இருக்கிறதா என்பதே அந்தக் கேள்வி. ஆங்கிலத்தில் ஆறே சொல். கணினி அதை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை வரிசையாகப் படிக்கவில்லை. எங்கே ஒலி தெளிவாக விழுந்ததோ அங்கே சில சொற்களை நம்பிக்கையோடு பிடித்துக்கொண்டது. நீர் நடுவே தலைகாட்டும் திட்டுகளைப் போன்ற அந்தச் சொற்களிலிருந்து இடப்பக்கமும் வலப்பக்கமும் நீண்டது. தவறான சொற்களும் பலகையில் ஏறின. இலக்கணம் பொருந்தாமல் மதிப்பெண் குறைந்து ஒதுங்கின. கடைசியில் திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து முழு வாக்கியம் ஆனது. மனித மனம் கேட்கும் விதத்துக்கு இவ்வளவு அருகில் வந்த மென்பொருள் அதற்கு முன் இல்லை என்று அன்று பலர் நினைத்ததில் வியப்பில்லை.

இப்போது அதே கட்டடத்தில் நடந்த இன்னொரு வேலைக்கு வருவோம். ஜேம்ஸ் பேக்கர் என்ற கணிதம் படித்த மாணவர், ரெட்டியின் ஆய்வகத்தில் சேர்ந்திருந்தார். நிபுணர்களும் வேண்டாம், பலகையும் வேண்டாம் என்பது அவர் வழி. பேச்சை முழுக்க முழுக்க நிகழ்தகவுக் கணக்காக எடுத்துக்கொண்டார். ஒலி, சொல், வாக்கியம் எல்லாவற்றையும் ஒரே பெரிய வலைப்பின்னலில் நிலைகளாகவும் அவற்றுக்கிடையே தாவும் வாய்ப்புகளாகவும் அமைத்து, கேட்ட ஒலியோடு மிக நன்றாகப் பொருந்தும் பாதையைக் கணக்கிட்டார். 1975-ல் வந்த அந்த அமைப்புக்கு டிராகன் என்று பெயர். ரெட்டியின் குழு நம்பியிருந்த கொள்கைக்கு இது நேர் எதிர். இதில் மொழியியல் நிபுணருக்குத் தனி இருக்கை கிடையாது.

டிராகன் துல்லியமாக இருந்தது. ஆனால் மிக மெதுவாக ஓடியது, ஏனென்றால் எல்லாப் பாதைகளையும் அது கணக்குப் போட்டது. புரூஸ் லோவர் என்ற இன்னொரு மாணவர் டிராகனின் வலைப்பின்னலை எடுத்துக்கொண்டார். ஹியர்சேயில் சேர்ந்திருந்த மொழியறிவை அந்த வலைக்குள்ளேயே முன்கூட்டிப் பதித்துவிட்டார். எல்லாப் பாதையிலும் நடக்காமல், ஒவ்வொரு கட்டத்திலும் நம்பிக்கை தரும் சில பாதைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டிவிட்டார். இதன் பெயர் ஹார்ப்பி. அந்த வெட்டும் உத்தியைக் கற்றைத் தேடல் என்று தமிழில் சொல்லலாம். பிற்காலப் பேச்சறிதலிலும் இயந்திர மொழிபெயர்ப்பிலும் அது நீங்காத இடம் பிடித்துக்கொண்டது.

1976-ல் கெடு முடிந்தது. அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தார்கள். ஹார்ப்பிக்கு 1,011 சொற்கள் தெரிந்திருந்தன. மூன்று ஆண்கள், இரண்டு பெண்கள் எனப் பேசிய ஐந்து பேரின் வாக்கியங்களில் 95 சதவீதத்தைப் பொருள் பிசகாமல் புரிந்துகொண்டது. ஒரு வினாடிப் பேச்சுக்கு அது செய்த கணினிக் கட்டளைகள் சுமார் 2.8 கோடி. வாக்கியத்துக்கு ஐந்து டாலர் செலவு என்று கணக்கிட்டார்கள். நியூவெல் குழு வைத்த இலக்குகள் எல்லாவற்றையும் எட்டிய ஒரே அமைப்பு அதுதான். ஹியர்சே இரண்டு, அதே அளவு கடினமான சோதனையில் 91 சதவீதத்தில் நின்றது. இலக்கணத்தைச் சற்றுத் தளர்த்திக் கடினமாக்கியதும் 74-க்கு இறங்கியது. அதே திட்டத்தில் பங்கேற்ற பிபிஎன் நிறுவனத்தின் அமைப்பு 44 சதவீதம், எஸ்டிசி நிறுவனத்தினுடையது 24.

இந்த எண்களை வைத்து மற்றவர்களைக் குறைத்து எடைபோட்டுவிடக் கூடாது. ஹார்ப்பிக்குக் கொடுத்த இலக்கணத்தில், ஒரு சொல்லுக்குப் பின் சராசரியாக 33 சொற்கள்தான் வர முடியும். பிபிஎன் எடுத்துக்கொண்ட பணியில் அது 195. எவ்வளவு இறுக்கமான இலக்கணத்தைக் கொடுத்தாலும் பரவாயில்லையா என்ற கேள்வியை நியூவெல் குழு முன்கூட்டியே கட்டிப்போடவில்லை. டார்ப்பாவும் அதற்கடுத்த கட்டத்துக்குப் பணம் தரவில்லை. பேச்சுக்கான பெரிய நிதி திரும்பி வரப் பல ஆண்டுகள் ஆயின. இலக்கைத் தொட்ட பிறகும் ஆய்வகங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்ற காலம் அது.

ஆனால் எனக்கு இந்தக் கதையில் பெரிதாகப் படுவது மதிப்பெண் இல்லை. தோற்ற அமைப்பும் வென்ற அமைப்பும் ஒரே பேராசிரியரின் ஆய்வகத்தில் ஒரே சமயத்தில் வளர்ந்தன. பேராசிரியரின் பெயரும் உழைப்பும் ஊறிய ஹியர்சே ஒருபுறம் ஓட, அதை முறியடிக்கப் போகும் டிராகனுக்கும் ஹார்ப்பிக்கும் அதே பேராசிரியர்தான் இடம், இயந்திரம், சம்பளம் எல்லாம் ஏற்பாடு செய்தார். டிராகன் பற்றிய 1975 கட்டுரையில் ஆசிரியர் பெயர் பேக்கர் மட்டுமே. நம் பல்கலைக்கழகங்களில் ஆய்வுப் படிப்பு படித்த வாசகர்களுக்கு இது எவ்வளவு அரிது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தலைப்பை நெறியாளர் கொடுப்பார்; வழியையும் அவரே கொடுப்பார்; அந்த வழி சரியில்லை என்று மாணவர் சொன்னால் ஆய்வேடு எத்தனை ஆண்டு இழுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இது ஒருமுறை தற்செயலாக நடந்ததும் இல்லை. 1983-ல் கை-ஃபூ லீ என்ற மாணவர் ஆய்வுக்குச் சேர்ந்தார். யார் பேசினாலும், முன்பயிற்சி இல்லாமலே புரிந்துகொள்ளும் அமைப்பைக் கட்ட வேண்டும் என்பது வேலை. நிபுணர்களின் அறிவை விதிகளாக எழுதும் பாதையில் போகலாம் என்பது ரெட்டியின் விருப்பம். கொஞ்சகாலம் அதில் உழைத்த லீ, அது பலிக்காது, புள்ளியியல் வழியில் போகிறேன் என்று சொன்னார். உன் கருத்தில் எனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் உனக்குத் துணை நிற்கிறேன் என்ற பொருளில் ரெட்டி பதில் சொன்னதாக லீ பிற்காலத்தில் பல இடங்களில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். வெறும் வாய்ச்சொல்லோடு நிற்காமல் கணினி நேரமும் பேச்சுத் தரவும் கிடைக்கச் செய்தார். 1988-ல் லீ முடித்த ஸ்ஃபிங்க்ஸ், சுமார் ஆயிரம் சொற்கள் கொண்ட பணியில், முன்பின் கேட்டிராத குரல்களின் சொற்களில் ஏறக்குறைய 96 சதவீதத்தைச் சரியாகக் கேட்டது. விதிகளை எழுதும் பாதை அத்தோடு பேச்சறிதலில் மங்கிப்போனது. தன் விருப்பத்துக்கு எதிராக வந்த அந்த முடிவைத் தன் ஆய்வகத்தின் சாதனையாகவே ரெட்டி கொண்டாடினார்.

கரும்பலகை என்ன ஆயிற்று? பேச்சறிதலில் தோற்றது, மென்பொருள் பொறியியலில் வாழ்ந்தது. எழுபதுகளிலேயே ஃபைகன்பாம், பென்னி நீ ஆகியோர் கடலடி ஒலிகளை வைத்துக் கப்பல்களை அடையாளம் காணும் ஹாஸ்ப் என்ற அமைப்புக்கு அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள். தொண்ணூறுகளில் அதே கார்னெகி மெலனின் மேரி ஷாவும் டேவிட் கார்லனும், பெரிய மென்பொருள்கள் எந்தெந்த அமைப்பில் கட்டப்படுகின்றன என்று வகைப்படுத்தியபோது, கரும்பலகையை ஒரு தனி வகையாக வைத்து ஹியர்சேயை அதற்குச் சான்றாகக் காட்டினார்கள். மென்பொருள் கட்டமைப்பு என்ற பாடத்தை நம் ஊர்க் கல்லூரிகளில் படிக்கும் மாணவர்களும் இன்று அந்தப் படத்தை வரைகிறார்கள். பேச்சைப் புரிந்துகொள்ளப் போட்ட திட்டத்தில் பிறந்தது அது என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. எந்தப் பகுதி எப்போது எதைச் சொல்லும் என்று முன்கூட்டித் தெரியாத வேலைக்கு, பகுதிகளை ஒன்றோடொன்று கட்டிப்போடாமல் எப்படி நிரல் எழுதுவது என்ற கேள்விக்கு ஹியர்சே குழு கண்ட விடை, செயற்கை நுண்ணறிவைவிடப் பரந்த பயன் உடையதாக ஆனது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1979-ல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் பண உதவியோடு கார்னெகி மெலனில் ரோபாட்டிக்ஸ் நிலையம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் ரெட்டி. 1991 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1995-ல் அந்த நிலையத்தைச் சேர்ந்த இருவர் பிட்ஸ்பர்கிலிருந்து சான் டியாகோ வரை ஒரு காரில் போனார்கள். 2,849 மைலில் 98.2 சதவீதத் தூரம் ஸ்டீயரிங்கைத் திருப்பியது கணினி. ரெட்டிக்கு 1984-ல் பிரான்சின் லெஜியன் ஆஃப் ஹானர், 2001-ல் நம் நாட்டின் பத்மபூஷண். 1991 முதல் 1999 வரை கணினி அறிவியல் பள்ளியின் டீன். அதன் பிறகு உலகத்து நூல்களை ஸ்கேன் செய்து எல்லோருக்கும் தரும் பத்து லட்சம் நூல் திட்டத்தில் முனைந்தார். இணையத்தில் பழைய தமிழ் நூல்களைத் தேடும்போது 'டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா' என்ற முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். அது இந்தத் திட்டத்தோடு கைகோத்து வளர்ந்தது. ஸ்கேன் செய்த தரத்தில் குறைகள் உண்டு; பக்கங்கள் சாய்ந்திருக்கும், சில விடுபட்டிருக்கும். ஆனாலும் நூலகத்துக்குப் போக வழியில்லாத எத்தனையோ பேருக்கு அரிய பதிப்புகள் கைக்கு எட்டியது அதனால்தான்.

1994-ம் ஆண்டுக்கான டூரிங் விருது இருவருக்குச் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. பெரிய அளவிலான செயற்கை நுண்ணறிவு அமைப்புகளை வடிவமைத்துக் கட்டி, அவற்றின் நடைமுறைப் பயனைக் காட்டியதற்காக என்பது காரணம். ரெட்டியோடு அதைப் பகிர்ந்துகொண்டவர் எட்வர்ட் ஃபைகன்பாம். ஹியர்சே இரண்டு திட்டு திட்டாகக் கேட்டுப் புரிந்துகொண்ட கேள்வியில் வரும் அதே ஃபைகன்பாம்தான்.

விருதுக் குறிப்பில் 'கட்டி' என்ற சொல்லை நான் அழுத்திப் படிக்கிறேன். சிறிய கட்டுரைகளை வேகமாக வெளியிட்டு எண்ணிக்கை கூட்டும் வழி அன்றும் இருந்தது. ரெட்டி தேர்ந்தெடுத்தது பல பேர் பல ஆண்டு சேர்ந்து கட்டும் அமைப்புகளை. அதில் ஒருவர் பெயர் தனியே தெரியாது, தோல்வியும் எல்லோர் முன்னிலையிலும் எண்ணாகவே வந்து நிற்கும். கல்விப்புலத்தில் ஒருவரை எடைபோட நாம் இன்று வைத்திருக்கும் அளவைகளில் இந்த வகை உழைப்புக்கு உரிய இடம் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவும் நம் பல்கலைக்கழகங்களும் பேராசிரியர்களின் பதவி உயர்வுக்குப் புள்ளி போடும்போது, ஓடும் நிலையில் உள்ள ஓர் அமைப்பையும் அதைக் கட்டிய மாணவர்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

டிராகனைக் கட்டிய ஜேம்ஸ் பேக்கரும் அவர் மனைவி ஜானட் பேக்கரும் 1982-ல் அதே பெயரில் சொந்தமாக நிறுவனம் தொடங்கினார்கள். 1997-ல் இயல்பாகப் பேசினால் எழுதித் தரும் மென்பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். 2000-ல் நிறுவனத்தை விற்றபோது விலையாக அவர்கள் வாங்கிக்கொண்டது, வாங்கிய நிறுவனத்தின் பங்குகளை. சில மாதங்களில் அந்த நிறுவனத்தின் கணக்கு மோசடி வெளியே வந்தது. பங்குகள் செல்லாக் காகிதம் ஆயின. அந்தத் தம்பதியின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)